விதைக்குள்ளே இரண்டு வேலை: ஆணின் இனப்பெருக்கத் தொகுதியும் அதன் கலங்களும்

இலங்கையின் வன்னியில் மாடு வளர்த்த வீடுகளுக்கு ஒரு விசயம் நன்றாகத் தெரியும். முரண்டு பிடித்துத் திரிகிற நாம்பனை, அதாவது இளங்காளையை, நலமடித்துவிட்டால் (காயடித்துவிட்டால்) கொஞ்ச நாளில் அது அடங்கிவிடும். பசுவைக் கண்டாலும் பாய்ச்சல் இருக்காது. இளமையிலேயே செய்துவிட்டால் ஏரியும் (திமிலும்) பெரிதாக எழும்பாது. வண்டிலில் பூட்டினால் சொன்ன வழியில் போகும். இதையெல்லாம் கண்ணால் கண்டு வளர்ந்த ஆணிடம் குடும்பநல மாது வந்து, "பிள்ளைகள் போதுமென்றால் நீங்களே ஒரு சின்னச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாமே" என்று சொன்னால் அவருக்கு என்ன நினைவு வரும்? அந்த வண்டில் மாடுதான். வாயால் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்.

மாட்டுக்குச் செய்வதும் மனிதனுக்குச் செய்வதும் ஒன்றல்ல. ஆணின் விதைக்குள் (விரைக்குள்) எந்தக் கலம் எங்கே இருக்கிறது, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால் ஏன் ஒன்றல்ல என்பது தானாக விளங்கிவிடும். கலம் என்றால் உயிரணு. ஒரே மாதிரி வேலைக்காகச் சேர்ந்து இருக்கும் கலங்களின் கூட்டம் இழையம். இந்த இரண்டு சொற்கள் தெரிந்தால் மீதியைத் தொடரலாம்.

ஒரு கிடாய் விதையை வெட்டினால்

மனித விதையை வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவ பீடத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். ஆனால் கிடாய் விதை இறைச்சிக் கடையில் கிடைக்கும். உயர்தர வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது நான் அதைத்தான் வாங்கிக்கொண்டு போவேன். முதல் ஐந்து நிமிடம் பின்வாங்கிலில் சிரிப்பாக இருக்கும், அப்புறம் அடங்கிவிடும்.

வெளியே இருப்பது வழுவழுப்பான, வெள்ளைப் பளிங்கு நிறமான ஒரு தடித்த உறை. இது வெண்படலம், கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னிய தொடுப்பிழையம். விரலால் அமத்தினால் எளிதில் அமிழாது. பிளேட்டால் நீளவாக்கில் கீறினால் உள்ளே இருக்கும் மண்ணிறச் சதை வெட்டு வாயால் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். அவ்வளவு இறுக்கமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நடுவால் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஆடு மாடுகளில் அது நடுவில் இருக்கும், மனிதனில் பின்பக்கமாக ஒதுங்கியிருக்கும். குழாய்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

இனி ஒரு சாமணத்தின் நுனியால் அந்த மண்ணிறச் சதையில் கொஞ்சத்தைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். சதை பிய்ந்து வராது, நூல் நூலாக நீளும். தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த, ஈரமான நூல்கள். நூல் என்று தெரிவது ஒவ்வொன்றும் ஒரு குழாய். இதுதான் சுக்கிலச் சிறுகுழாய். புத்தகப் படத்தில் வட்டம் வட்டமாகத் தெரிவது இதன் குறுக்குவெட்டு. படத்தை மட்டும் பார்த்த பிள்ளைகள் பலர் விதைக்குள் உருண்டைகள் நிரம்பியிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இழுத்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மனித விதை ஒன்று 4 முதல் 5 சென்ரிமீற்றர் நீளம். வெண்படலத்திலிருந்து உள்ளே இறங்கும் மெல்லிய சுவர்கள் அதைச் சுமார் 250 சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. ஓர் அறைக்குள் ஒன்று முதல் நான்கு வரையான சிறுகுழாய்கள் சுருண்டு கிடக்கும். தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் கால்பங்குக்கு மேல் போகாது. ஒவ்வொன்றையும் நீட்டினால் 30 முதல் 70 சென்ரிமீற்றர் வரும். ஒரு விதையில் உள்ள எல்லாவற்றையும் தொடுத்தால் சில நூறு மீற்றர்.

குழாய்களுக்கு இடையில் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன. அங்கே குருதிக் குழாய்கள், தளர்ந்த தொடுப்பிழையம், அவற்றோடு கூட்டம் கூட்டமாக வேறொரு வகைக் கலம். நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்: குழாயின் உள்ளே நடப்பது ஒரு வேலை, குழாய்களுக்கு இடையில் நடப்பது இன்னொரு வேலை. விந்து உருவாவது உள்ளே. ஆண் ஓமோன் உருவாவது இடையில்.

குழாயின் சுவரில்

நுணுக்குக்காட்டிக்குப் போடும் வெட்டுகளை ஹீமற்றொக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களால் நிறமூட்டுவார்கள். கலத்தின் உள்ளே இருக்கும் கரு ஊதா நிறமாகும், கருவைச் சுற்றியுள்ள குழியவுரு இளஞ்சிவப்பாகும். அப்படி நிறமூட்டிய சிறுகுழாய் ஒன்றைப் பார்த்தால் வெளியே மெல்லிய அடித்தள மென்சவ்வு, அதைச் சுற்றித் தட்டையான தசைபோன்ற கலங்கள். இவை மெல்லச் சுருங்கி உள்ளே இருக்கும் திரவத்தை முன்னே தள்ளும். மென்சவ்வுக்கு உட்புறம் தொடங்கி நடுத் துவாரம் வரை பல அடுக்குக் கலங்கள்.

அந்த அடுக்குகளை வெளியிலிருந்து உள்ளே வாசிக்க வேண்டும். வயதில் குறைந்தது சுவரோரம், முதிர்ந்தது துவாரத்தின் ஓரம்.

சுவரோடு ஒட்டியிருப்பவை விந்து மூலக்கலங்கள். இவை சாதாரணமாக இரண்டாகப் பிரியும். பிரிந்ததில் ஒரு பங்கு அங்கேயே மூலக்கலமாகத் தங்கிவிடும், மறு பங்கு விந்தாக மாறும் பாதையில் இறங்கும். தங்குகிற பங்கு இருப்பதால்தான் அறுபது, எழுபது வயதிலும் ஓர் ஆணுக்கு விந்து உருவாகிறது.

அடுத்த அடுக்கில் இருப்பவை முதல் விந்துக்குழியங்கள். படத்தில் கண்டுபிடிக்க மிக எளிதானவை இவைதான். எல்லாவற்றிலும் பெரியவை, கருவுக்குள் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) நூல் உருண்டைபோலத் தெரியும். நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவின் முதல் கட்டம் நாட்கணக்கில் இழுபடுவதால் எந்த வெட்டைப் பார்த்தாலும் இவை தட்டுப்படும். இரண்டாம் விந்துக்குழியங்கள் அதற்கு நேர் எதிர். வந்த வேகத்தில் பிரிந்து போய்விடும். பரீட்சைக்குப் படம் கீறும் பிள்ளைகள் அவற்றைத் தாராளமாகக் கீறிவிடுகிறார்கள், உண்மையான வெட்டில் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

ஒடுக்கற்பிரிவு முடியும்போது 46 நிறமூர்த்தங்கள் இருந்த ஒரு கலத்திலிருந்து 23 நிறமூர்த்தங்கள் உள்ள நான்கு சிறு கலங்கள் வந்திருக்கும். நான்கில் இரண்டுக்கு எக்ஸ், இரண்டுக்கு வை. பிள்ளை ஆணா பெண்ணா என்பது இந்த இடத்தில், தகப்பனின் உடம்புக்குள் பிரிகிறது. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். மூன்றாவதும் பெட்டை என்று மருமகளை முறைத்துப் பார்க்கும் மாமிமாருக்கு இதை யாராவது ஒருமுறை எடுத்துச் சொல்லலாம்.

நான்கு கலங்களும் இன்னும் உருண்டையாகத்தான் இருக்கின்றன. இவற்றை விந்தாகு கலங்கள் என்கிறோம். இதற்குப் பிறகு பிரிவு கிடையாது, உருவ மாற்றம் மட்டும்தான். கருவுக்குள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்ரோன் புரதங்கள் அகற்றப்பட்டு புரொட்டமின் என்ற சிறு புரதங்கள் அந்த இடத்துக்கு வரும். அதனால் டிஎன்ஏ மிக இறுக்கமாக மடிந்து தலை சின்னதாகும். கலத்துக்குள் பொதி கட்டும் உறுப்பான கொல்கிச் சிக்கல் தலைக்கு மேல் ஒரு தொப்பி செய்யும். முட்டையின் உறையைத் துளைக்கத் தேவையான நொதியங்கள் அந்தத் தொப்பிக்குள் இருக்கும். சக்தி கொடுக்கும் இழைமணிகள் கழுத்துக்குக் கீழே சுருளாக வந்து அமரும். பின்னால் வால் நீளும். மிஞ்சிய குழியவுரு கழற்றி விடப்படும். கடைசியில் கிடைக்கும் விந்து சுமார் 60 மைக்குரோமீற்றர் நீளம், அதில் தலை 5 மைக்குரோமீற்றர் அளவுதான். மற்றதெல்லாம் வால்.

மூலக்கலத்திலிருந்து விந்துவரை இந்த வேலை முடியச் சுமார் 74 நாட்கள் ஆகும். வேகப்படுத்த முடியாது. நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும், லேகியம் தின்றாலும் அந்தக் கணக்கு மாறாது. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது உதவும்.

சேர்ட்டோலி என்ற வளர்ப்புத் தாய்

விந்தாகப் போகும் கலங்கள் தாங்களாக நின்று வளர்வதில்லை. அவற்றுக்கிடையே அடித்தளத்திலிருந்து துவாரம் வரை உயர்ந்து நிற்கும் பெரிய கலங்கள் இருக்கின்றன. 1865ல் இத்தாலியரான என்றிக்கோ சேர்ட்டோலி இவற்றை விவரித்ததால் சேர்ட்டோலிக் கலங்கள் என்று பெயர். இவற்றின் எல்லையை நுணுக்குக்காட்டியில் காண்பது கடினம். பக்கமெல்லாம் மடிப்பும் குழிவுமாக இருக்கும், அந்தக் குழிவுகளுக்குள்தான் விந்தாகும் கலங்கள் பதிந்து கிடக்கும். கருவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்: வெளிறியது, முக்கோணம் அல்லது முட்டை வடிவம், நடுவில் புள்ளிபோல ஒரு தெளிவான புன்கரு.

இதன் வேலைகளை எழுதப் போனால் தனிக் கட்டுரை வேண்டும். உணவூட்டும். கழற்றிவிட்ட குழியவுருவையும் செத்த கலங்களையும் விழுங்கித் துப்பரவாக்கும். குழாய்த் திரவத்தைச் சுரக்கும். ஆண் ஓமோனைக் குழாய்க்குள்ளேயே பிடித்துவைக்கும் புரதத்தைச் செய்யும். பருவம் அடைந்த பின் இவை பெருகுவதில்லை. அதற்கு முன் எத்தனை உருவானதோ, பெரும்பாலும் அதை வைத்துத்தான் ஒரு விதை எவ்வளவு விந்தைச் செய்யலாம் என்பது அமையும்.

ஆனால் மற்ற வேலைகளைவிட எனக்கு வியப்பாக இருப்பது ஒரு வேலை. பக்கத்துப் பக்கத்து சேர்ட்டோலிக் கலங்கள் அடித்தளத்துக்குச் சற்று மேலே ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்கின்றன. இதுதான் குருதி–விதைத் தடை. பூட்டுக்குக் கீழே மூலக்கலங்கள், அவற்றுக்குக் குருதியிலிருந்து எல்லாம் வந்து சேரும். பூட்டுக்கு மேலே ஒடுக்கற்பிரிவில் இறங்கிய கலங்கள், அவற்றுக்கு சேர்ட்டோலி கொடுப்பது மட்டும்தான். ஏன் இந்தக் காவல்? நம் நோயெதிர்ப்புத் தொகுதி எது என்னுடையது, எது அந்நியம் என்பதைச் சின்ன வயதிலேயே படித்து முடிக்கிறது. விந்து உருவாவதோ பருவ வயதில். தன் உடம்பில் உருவானதாக இருந்தாலும், நோயெதிர்ப்புக்கு அது முன்பின் காணாத முகம். தடை இல்லாவிட்டால் உடம்பே தன் விந்தை எதிர்த்து அழிக்கத் தொடங்கலாம். விதையில் பலமான அடி பட்ட சிலருக்கு விந்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (நோயெதிர்ப்புப் புரதங்கள்) உண்டாவது இதனால்தான்.

கீழே இருக்கும் கலம் மேலே போக வேண்டுமே, பூட்டைத் திறந்தால் தடை உடையாதா? அதற்கும் வழி இருக்கிறது. மேலே ஏறும் கலத்துக்குக் கீழே முதலில் ஒரு புதுப் பூட்டு போடப்படும். அதன் பிறகுதான் மேலே உள்ள பழைய பூட்டு கழரும். ஒரு கணமும் வழி முழுதாகத் திறந்திருக்காது.

இந்த மென்மையான இழையத்தைக் கெடுக்கக்கூடிய ஒரு நோயை இங்கே சொல்லாமல் விட முடியாது. கூகைக்கட்டு. தமிழ்நாட்டில் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். சின்னப் பிள்ளைக்கு வந்தால் கன்னம் வீங்கி வற்றிவிடும். பருவம் அடைந்த பையனுக்கு வந்தால் சிலருக்கு விதையும் வீங்கும். வெண்படலம் இளகிக் கொடுக்காத உறை என்று பார்த்தோமே, உள்ளே வீக்கம் வந்தால் விரிய இடமில்லாமல் குழாய்கள் நசுங்கும். சிலருக்கு அந்த விதை பிறகு சுருங்கிப் போவதும் உண்டு. இலங்கையில் 2011 முதல் பிள்ளைகளுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியில் கூகைக்கட்டுக்கான பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. கிளினிக் அட்டையில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

குழாய்களுக்கு வெளியே

சேர்ட்டோலிக்குப் பதினைந்து வருடம் முன்பே, 1850ல், ஜேர்மனியரான பிரான்ஸ் லெய்டிக் குழாய்களுக்கு இடையே இருக்கும் கலங்களைப் பற்றி எழுதியிருந்தார். பலகோண வடிவம், இளஞ்சிவப்புக் குழியவுரு, உள்ளே கொழுப்புத் துளிகள், பக்கத்தில் எப்போதும் மயிர்த்துளைக் குழாய் என்ற மிக நுண்ணிய குருதிக் குழாய் ஒன்று. லெய்டிக் கலங்கள் கொலஸ்திரோலிலிருந்து டெஸ்டொஸ்டெரோனைச் செய்து நேரே குருதிக்குள் விடுகின்றன. மீசை, குரல், தசை, ஆசை, நாம்பனின் ஏரி, அதன் முரண்டு எல்லாம் இதன் காரியம்.

மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பிதான் மேலதிகாரி. அது விடும் எல்எச் என்ற ஓமோன் லெய்டிக்கை இயக்கும், எவ்எஸ்எச் சேர்ட்டோலியை இயக்கும். டெஸ்டொஸ்டெரோன் கூடினால் கபச்சுரப்பி தன் உத்தரவைக் குறைக்கும். சேர்ட்டோலியும் இன்ஹிபின் என்ற ஓமோனை விட்டு எவ்எஸ்எச்சைக் கட்டுப்படுத்தும்.

உடம்பு கட்டும் ஆசையில் ஆண் ஓமோன் ஊசி போடும் இளைஞர்கள் தவறவிடும் இடம் இதுதான். வெளியிலிருந்து ஓமோன் வந்ததும், போதுமான அளவு இருக்கிறது என்று கபச்சுரப்பி எல்எச்சை நிறுத்திவிடும். லெய்டிக் வேலையை நிறுத்தும். விந்து உருவாக விதைக்குள் டெஸ்டொஸ்டெரோன் குருதியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் இருக்க வேண்டும். ஊசியால் அந்த அளவு விதைக்குள் வராது. கை பெருக்கும், விதை சிறுக்கும், விந்து எண்ணிக்கை விழும். சிலருக்குப் பூச்சியத்துக்கே போய்விடும்.

விதை ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். விந்தாக்கத்துக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை குறைவாக இருக்க வேண்டும். விதைப்பைத் தோலுக்குக் கீழே கொழுப்பு இல்லை, வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு. விதைக்குக் குருதியை இறக்கும் நாடியைச் சுற்றி, குருதியைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள் வலைபோலப் படர்ந்து, இறங்கும் சூடான குருதியைக் குளிரவைத்து அனுப்பும். அந்த நாளங்கள் புடைத்துப்போனால், பெரும்பாலும் இடப்பக்கத்தில், குளிர்விக்கும் வேலை கெடும். பிள்ளைப் பேறு தாமதமாகும் ஆண்களிடம் டொக்டர் இதைத்தான் முதலில் தேடுவார். ஆண் குழந்தைக்கு ஒரு பக்க விதை பைக்குள் இறங்கவில்லை என்றால் ஆறு மாதம் வரை பார்த்திருக்கலாம், அதற்கு மேல் "வளர வளர இறங்கும்" என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே சூட்டில் கிடக்கும் மூலக்கலங்கள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

இன்னொன்று: பையனுக்குத் திடீரென்று ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். குருதி போகும் வழி அடைபட்டுவிடும், ஆறு மணித்தியாலத்துக்குள் முறுக்கை எடுத்தால்தான் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற வன்னி ஊர்களில் இருந்துகொண்டு விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கித் திரும்பாமல், சத்திரசிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கு இரவோடு இரவாகப் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் வெட்கத்தில் வயிற்று வலி என்று சொல்வார்கள், கேட்டறிய வேண்டும்.

வெளியே போகும் வழி

சிறுகுழாயிலிருந்து வெளிவரும் விந்துக்கு வால் இருந்தாலும் நீந்தத் தெரியாது. திரவம் தள்ளிக்கொண்டு போகும் இடத்துக்குப் போகும். விதையின் பின்பக்க வலையைக் கடந்து, மயிர்போன்ற பிசிர்கள் அசையும் சில சிறு கான்கள் (குழாய்கள்) வழியாக, விதைக்கு மேல் தொப்பிபோல ஒட்டியிருக்கும் விதைமேற்றிணிவுக்குள் போய்ச் சேரும். வழியில் திரவத்தின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும், விந்து செறிவாகும்.

விதைமேற்றிணிவு என்பது ஒரே ஒரு குழாய். நீட்டினால் சுமார் 6 மீற்றர், சுருண்டு சில சென்ரிமீற்றருக்குள் அடங்கிக் கிடக்கிறது. உட்புறம் உயரமான கலங்கள், அவற்றின் மேல் நீண்ட மயிர்போன்ற நீட்டங்கள். பார்த்தால் பிசிர் போலத் தெரியும், ஆனால் அசையாது. உறிஞ்சவும் சுரக்கவும் மட்டும்தான். பல நாட்கள் இதற்குள் ஊர்ந்து வரும்போதுதான் விந்து நீந்தும் திறனைப் பெறுகிறது.

அதன் வாலிலிருந்து தொடங்குவது அப்பாற்செலுத்தி. மேலே விதைப்பைத் தோலுக்கு ஊடாகத் தடவினால் கயிறுபோல உருளும். துவாரம் ஊசி முனை அளவு, சுவர் மிகத் தடிப்பு. உள்ளும் வெளியும் நீளவாக்கிலும் நடுவில் வளையமாகவும் மூன்று படை மழமழப்பான தசை. இது சுருங்கும்போது விந்து வேகமாகத் தள்ளப்படும்.

ஆண்களுக்கான கருத்தடை நடப்பது இந்தக் குழாயில். விறைக்கும் ஊசி போட்டு, தோலில் ஒரு சின்னத் துளையால் குழாயை வெளியே எடுத்து, வெட்டி, முனைகளை அடைத்துவிடுவார்கள். வெட்டியது விந்து போகும் பாதையை மட்டும். லெய்டிக் கலங்கள் விடும் ஓமோன் இந்தக் குழாயால் போவதே இல்லை, அது குருதியால் போகிறது. விதைக்குக் குருதி கொண்டுபோகும் நாடியை யாரும் தொடவில்லை. ஆகவே மீசையும் குரலும் ஆசையும் அப்படியே இருக்கும். வெளியேறும் சுக்கிலத்தின், அதாவது விந்தும் சுரப்பிகளின் திரவமும் கலந்த நீரின், அளவுகூடக் கண்ணுக்குத் தெரிய மாறாது, விதையிலிருந்து வரும் பங்கு அதில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போவதில்லை. உருவாகும் விந்து உள்ளேயே சிதைந்து உறிஞ்சப்பட்டுவிடும்.

மாட்டுக்கு என்ன செய்கிறோம்? இடுக்கியை வைத்து முழு நரம்பையும் நசுக்குகிறோம். அந்த "நரம்பு" என்பதற்குள் அப்பாற்செலுத்தியும் இருக்கிறது, நாடியும் இருக்கிறது. குருதி நின்றதும் குழாய், சேர்ட்டோலி, லெய்டிக் எல்லாமே சேர்ந்து சாகும். அடங்கியது லெய்டிக் போனதால். கருத்தடை செய்த ஆணுக்கு லெய்டிக் எங்கும் போகவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே போய்விட்ட விந்து கொஞ்ச நாள் இருக்கும். மூன்று மாதமளவில் பரிசோதித்து விந்து இல்லை என்று உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும். இதைக் கேட்காமல் வந்து, பிறகு மனைவியைச் சந்தேகித்த கதைகள் உண்டு.

சுரப்பிகளும் பஞ்சிழையமும்

சுக்கிலத்தில் பெரும் பங்கு, மூன்றில் இரண்டு அளவு, சுக்கிலப் புடகங்கள் என்ற சுரக்கும் பைகளிலிருந்து வருவது. வெட்டினால் உட்சுவர் மடிப்பு மடிப்பாக, தேன்கூடு மாதிரி இருக்கும். விந்துக்கு எரிபொருளான பிரக்டோஸ் என்ற சீனி இங்கேதான் சுரக்கிறது.

அடுத்தது சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்வழியைச் சுற்றி இருக்கும் முன்னிற்கும் சுரப்பி, ஊரில் புரொஸ்டேட் என்றே சொல்கிறோம். சுரக்கும் சிறு அறைகள் ஒருபுறம், அவற்றுக்கிடையில் மழமழப்பான தசையும் நார்களும் கலந்த இழையம். வயதானவர்களின் வெட்டில் அறைகளுக்குள் வட்டம் வட்டமாக அடுக்கிய சிறு கற்கள்போலச் சில தெரியும், அவை பொதுவாகத் தீங்கில்லாதவை. வயது போகப் போக சிறுநீர்வழியை ஒட்டிய உட்பகுதி பருக்கும். இரவில் நாலு தரம் எழும்புவது, சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் அதனால்தான். அது புற்றுநோய் அல்ல. புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில் தொடங்கும், சிறுநீர்வழிக்குத் தூரமாக இருப்பதால் ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தராது. பிஎஸ்ஏ என்பது சுக்கிலத்தை இளக்குவதற்கு இந்தச் சுரப்பி விடும் நொதியம். இரத்தத்தில் அது கூடினால் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது, வீக்கத்திலும் தொற்றிலும் கூடும்.

கூப்பரின் சுரப்பிகள் இரண்டு, பயறு அளவானவை. முதலில் வரும் வழுக்கும் திரவம் அவற்றினுடையது.

ஆண்குறிக்குள் மூன்று தூண்கள். மேலே இரண்டு, கீழே சிறுநீர்வழியைச் சுற்றி ஒன்று. மேலே உள்ளவை பஞ்சுபோன்ற இழையம், வெற்றிடங்களும் அவற்றைப் பிரிக்கும் மழமழப்பான தசைச் சுவர்களும். நரம்பும் குருதிக்குழாயின் உட்படையும் நைட்ரிக் ஒக்சைட்டை விட்டதும் தசை தளரும், நாடிகள் விரியும், வெற்றிடங்களில் குருதி நிரம்பும். ஆனால் நிரம்பினால் மட்டும் விறைக்காது. லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) சில்லில் டியூப் மட்டும் இருந்தால் காற்றடிக்க அடிக்க ஊதிக்கொண்டே போகும், வெளியே டயர் இருப்பதால்தான் இறுகுகிறது. இங்கே டயரின் வேலையைச் செய்வது தூண்களைச் சுற்றியுள்ள நார் உறை. அந்த உறைக்கும் பஞ்சிழையத்துக்கும் நடுவே ஓடும் சிறு நாளங்கள் நசுங்கிவிடுவதால் குருதி திரும்பிப் போக முடியாமல் நிற்கிறது.

குருதிக்குழாயின் உட்படையும் நரம்பும் சீனி வருத்தத்தாலும் புகைத்தலாலும் பழுதாகும். இந்த நாடிகள் இதய நாடிகளைவிடச் சின்னவை, அடைப்பு முதலில் இங்கே தெரிய வரலாம். நாற்பது, ஐம்பது வயதில் விறைப்புக் குறைந்தால் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு, விளம்பர மாத்திரை தேடுவதைவிட, சீனியும் பிரசரும் பார்த்துக்கொள்வது நெஞ்சுக்கும் நல்லது.

விந்துப் பரிசோதனை அறிக்கை வந்தால்

பிள்ளை இல்லை என்று போகும் தம்பதிகளில் மனைவியை மட்டும் வரிசையாகச் சோதிப்பதும் ஆண் வெளியே மோட்டார் சைக்கிளில் இருப்பதும் இன்னும் நடக்கிறது. ஆணின் சோதனை வலியில்லாதது, மலிவானது. அதை முதலில் செய்வதுதான் புத்தி.

அறிக்கையில் சுக்கிலத்தின் அளவு குறைவு என்றால் சுக்கிலப் புடகம் பக்கம் பார்க்க வேண்டும். பிரக்டோஸும் இல்லையென்றால் புடகங்கள் இல்லாமலோ, அவற்றின் வழி அடைபட்டோ இருக்கலாம். அளவு சரி, விந்து மட்டும் பூச்சியம் என்றால் இரண்டு வாய்ப்பு: குழாய்க்குள் விந்து உருவாகவில்லை, அல்லது உருவாகி வழியில் அடைபட்டிருக்கிறது. எவ்எஸ்எச் மிக உயர்ந்திருந்தால் பெரும்பாலும் முதலாவது, கபச்சுரப்பி கத்திக் கத்திப் பார்க்கிறது, சேர்ட்டோலியிடமிருந்து பதில் இல்லை. எவ்எஸ்எச்சும் விதையின் பருமனும் சாதாரணமாக இருந்தால் அடைப்பைத் தேடுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் விதையிலிருந்து அரிசியளவு இழையம் எடுத்து, மேலே நாம் பார்த்த அதே அடுக்குகளை எண்ணிப் பார்ப்பார்கள்: மூலக்கலம் இருக்கிறதா, பிரிவு எந்த அடுக்கோடு நின்றுபோனது, அல்லது சேர்ட்டோலி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா.

ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். டெங்கு மாதிரி பலத்த காய்ச்சல் வந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் எண்ணிக்கை விழுந்திருக்கும், 74 நாள் கணக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் உண்மையான நிலை தெரியும். அதனால்தான் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். சோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் உறவில்லாமல் இருக்க வேண்டும், எடுத்த மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். மாங்குளத்தில் எடுத்து, பஸ்ஸுக்கு நின்று, வவுனியாவுக்குக் கொண்டுபோனால் விந்தின் அசைவு குறைந்துதான் காட்டும். ஆய்வுகூடத்துக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.